குவாங்சௌ – தான்சியா – சுவான்சௌ – ஊயி மலை: பத்து நாள் பாதை சரியா? (கோயில், மலை, ரயில், சாப்பாடு)

நாகைக்கடலோடி:
நவம்பர் முதல் வாரம் பத்து நாள். 65 வயது கடந்த இருவர், நடுவயது இருவர், நால்வரும் சைவம். குவாங்சௌவில் 2 நாள், ஷாவ்குவானில் 2 (நான்ஹுவா கோயில், தான்சியா மலை), சுவான்சௌவில் 1, ஊயி மலையில் 3, மீதி பயணத்துக்கு. வரும் வழி ஹாங்காங் அல்லது நேரே குவாங்சௌ. எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம்? குறிப்பாகப் படிகள் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள்.

ரயில்பித்தன்:
முதலில் ஊர்ப்பெயர். குவாங்சௌ குவாங்டோங் மாகாணம், சுவான்சௌ ஃபூஜியான் மாகாணம். ஆங்கில எழுத்தில் இரண்டும் முதல் எழுத்திலும் நடுவிலும்தான் வேறுபடும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தட்டிவிடுவது சகஜம். சீன எழுத்தை ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொண்டு, பதிவு செய்த திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரயில் டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும். ரயில்வேயின் 12306 செயலியில் ஆங்கிலப் பக்கம் உண்டு. பாஸ்போர்ட் படத்தை ஏற்றிச் சரிபார்க்க வேண்டும், அது உடனே முடியாது. டிக்கெட் திறக்கும் அன்று காலையில் கணக்குத் தொடங்கினால் காரியம் ஆகாது, ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். நம்மவர்க்கு வரும் சிக்கல் பெயரில்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அங்கே அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை மட்டும் இடுங்கள்.

காகித டிக்கெட் தேவையில்லை, பாஸ்போர்ட்தான் டிக்கெட். ஆனால் தானியங்கிக் கதவுகள் பலவும் சீன அடையாள அட்டைக்கென்று வைத்தவை. ஓரத்தில் ஆள் நிற்கும் வழிக்குப் போய் பாஸ்போர்ட்டை நீட்டுங்கள். பெட்டி ஸ்கேன், ஆள் சோதனை எல்லாம் உண்டு, வண்டி கிளம்பச் சில நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். பெரிய நிலையங்களில் 45 நிமிடம் முன்னால் உள்ளே இருப்பது நல்லது.

நிலையப் பெயர்களில் இரண்டு பொறி இருக்கிறது. சுவான்சௌவில் பழைய நிலையம் வெறும் 'சுவான்சௌ'. 2023 செப்டம்பரில் புது ஃபூசௌ–சியாமென் அதிவேகப் பாதை திறந்தபின் 'சுவான்சௌ கிழக்கு', 'சுவான்சௌ தெற்கு' என்று இரண்டு சேர்ந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று தொலைவு. திரும்பும் டிக்கெட் எந்த நிலையம் என்று பார்க்காமல் டாக்ஸி ஏறினால் வண்டி போய்விடும். ஊயியில், பழைய பயணக்குறிப்புகள் சொல்லும் 'ஊயிஷான் கிழக்கு' இன்று அந்தப் பெயரில் இல்லை, 'நான்பிங் நகரம்' என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் தேடிவிட்டு ரயிலே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 'ஊயிஷான் வடக்கு' தனி நிலையம்.

செல்வி_ஈப்போ:
விசா, பணம் இரண்டுக்கும் என் பங்கு. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் என்றால் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு 2024 பிப்ரவரி முதல், மலேசியர்களுக்கு 2025 ஜூலை முதல் பரஸ்பர ஒப்பந்தத்தின்படி 30 நாள் விசா இல்லாமல் இருக்கலாம். ஹாங்காங் வழி வரும் இந்தியர்கள் ஹாங்காங்குக்கான முன்பதிவை இணையத்தில் தனியாகச் செய்ய வேண்டும். சீன விசா கையில் இருக்கிறது என்று இதை விட்டுவிடக் கூடாது.

பணம் எல்லாம் அலிபே, வீசாட் பே வழிதான். ஊரிலிருந்தே செயலியை நிறுவி, பாஸ்போர்ட்டால் சரிபார்த்து, விசா அல்லது மாஸ்டர் அட்டையைச் சேருங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்து வைக்கணும், ஓடிபி வரும் எண்ணுக்கு ரோமிங் இருக்கணும். இந்த இரண்டும் இல்லாமல்தான் முக்கால்வாசிப் பேர் அங்கே போய்த் திணறுகிறார்கள். அலிபேயில் 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலுத்தலுக்கும் வெளிநாட்டு அட்டைக்கு 3% கட்டணம் பிடிக்கும். கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரக் கிழவிகள் விற்கும் கிச்சிலிப்பழத்துக்கு அதுதான் சுலபம்.

கூகிள், வாட்ஸ்அப் உள்ளூர் இணையத்தில் ஓடாது. நம் நாட்டு சிம்மின் ரோமிங்கிலோ, வெளிநாட்டு இ-சிம்மிலோ பெரும்பாலும் ஓடும். ஓடினாலும் கூகிள் வரைபடத்தை நம்ப வேண்டாம், புள்ளிகள் சில நூறு மீட்டர் தள்ளி விழும். ஆமேப் என்கிற கவ்டே செயலிதான் சரி.

உள்நாட்டு விமானம் ஏறினால் பவர்பேங்கில் சீனப் பாதுகாப்புச் சான்றான சிசிசி (CCC) முத்திரை இருக்கணும். 2025 ஜூன் 28 முதல் அது இல்லாததைப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கிவிடுவார்கள். இன்னொன்று, கோயிலுக்குப் போகிறோமே என்று பெட்டியில் கற்பூரம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத்தில் கூடாது.

கல்தூண்:
சுவான்சௌவுக்கு ஒரு நாளா? தயவுசெய்து மாற்றுங்கள். இந்தப் பாதையில் தமிழ் வாசிக்கிறவர்களுக்கு மிகவும் நெருக்கமான ஊர் அது. குறைந்தது இரண்டு முழு நாள் கொடுங்கள், மூன்று கொடுத்தாலும் வீணாகாது.

அங்கே 1956-ல் கிடைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது, அடியில் ஒரு வரி சீன எழுத்து. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம். அதாவது கி.பி. 1281. தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கானின் அரசாணைப்படி, அவர் திருமேனி நலமாக இருக்க, திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளுவித்தார் என்பது செய்தி. செகசை கான் என்பது குப்லாய் கான். ஒரு தமிழர் மங்கோலியச் சக்கரவர்த்தியின் ஆணையோடு சீனத் துறைமுகத்தில் சிவன் கோயில் கட்டியிருக்கிறார்! அந்தக் கோயில் இன்று இல்லை, கற்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தன. கடல்சார் அருங்காட்சியகத்தின் சமயச் சிற்பக் கூடத்தில் லிங்கத்தை வணங்கும் யானை, தூண் தலைப்புகள், போதிகைகள் எல்லாம் இருக்கின்றன. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே வேலைப்பாட்டின் மறுபாதி காய்யுவான் கோயிலில் இருக்கிறது. கோயில் 686-ல் தொடங்கியது. மூலமண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகணும். பலர் முன்னால் ஊதுவத்தி ஏற்றி, இரட்டைக் கோபுரத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பின் தாழ்வாரத்தின் நடுவில் இரண்டு பதினாறு பட்டைத் தூண்கள், மிங் அரச மரபுக் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது நிறுத்தியவை. அக்கம்பக்கத் தூண்களோடு ஒப்பிட்டாலே நிறம் வேறு, கருமை கலந்த பச்சைக் கல். பட்டைக்கு நடுவே சதுரம், சதுரத்தின் ஒவ்வொரு முகத்திலும் வட்டத்துக்குள் ஒரு சிற்பம். தூணுக்கு மூன்று சதுரம், நான்கு முகம், ஆக ஒன்றில் 12, இரண்டிலும் 24. இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மர், மருதமரங்களைச் சாய்க்கும் கண்ணன், முதலை கவ்விய யானை... எந்தப் பலகையும் படிக்காமல் நம் ஊர்ப் பாட்டி கதை சொல்லிவிடுவார். சில முகங்களில் சீன அலங்காரப் பூக்களும் விலங்குகளும் கலந்திருக்கும். உளி பிடித்தவர்களில் உள்ளூர்ச் சிற்பிகளும் இருந்திருப்பார்கள் என்று கருத அதுவே காரணம்.

பார்க்கும் முறை: தாழ்வாரம் வடக்குப் பார்த்தது, நேர் வெயில் விழாது. மேல் வட்டங்கள் தலைக்கு மேலே இருக்கும், கூரை நிழல் வேறு. சின்ன தொலைநோக்கி அல்லது ஜூம் உள்ள கேமரா எடுத்துப்போங்கள். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், அடித்தால் உருவம் தட்டையாகத்தான் தெரியும். முற்பகலில் பக்கவாட்டு வெளிச்சம் இருக்கும்போது செதுக்கின் ஆழம் புரியும். பிறகு முன்பக்கம் வந்து மேடையின் அடிப்பட்டையைக் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கு மேற்பட்ட புடைப்புகள், அவையும் அதே கோயில் கற்களே. மண்டபத்துக்குள் உத்தரத்தைத் தாங்குகிற 24 சிறகுப் பெண் உருவங்களையும் அண்ணாந்து பாருங்கள், கையில் வாத்தியம் இருக்கும்.

மேற்குக் கோபுரம் 1228–1237, கிழக்கு 1238–1250. எண்கோணம், ஐந்து நிலை, முழுக்கக் கல். கிழக்கு 48 மீட்டர், மேற்கு 44. கோயில் வளாகத்திலேயே 1974-ல் தோண்டியெடுத்த சோங் காலக் கப்பல் தனிக் கூடத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் வரைக்கும் ஓடிய வணிகம் எந்த மாதிரி மரக்கலத்தில் நடந்தது என்று நிற்கிற இடத்திலேயே விளங்கும். உடற்பகுதியைக் குறுக்குச் சுவர்கள் 13 அறைகளாகப் பிரிக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

பாறைப்படி:
மலைக்கு வருகிறேன், படிக்கணக்கு கேட்டிருந்தீர்களே.

ஊயியில் எல்லோரும் ஏறும் தியான்யோ சிகரத்தின் உயரம் 410 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உயரம் பெரிதில்லை, ஆனால் வழுக்குப்பாறையில் வெட்டிய 800-க்கு மேற்பட்ட படிகள், செங்குத்து, குறுகல். கூட்டம் இருந்தால் ஆள் பின் ஆள்தான், நடுவில் நின்று மூச்சு வாங்க இடம் கிடையாது. பெரியவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஒன்பது வளைவு ஆற்றின் மூங்கில் தெப்பம். சுமார் ஒன்பதரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆறு பேர் நாற்காலியில் உட்காரலாம், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் கழி ஊன்றுவார்கள். வளைவுகளின் எண் கீழிருந்து மேலே போகிறது, தெப்பமோ மேலே சிங்சுன்னில் ஒன்பதாம் வளைவில் புறப்பட்டு முதல் வளைவில் இறக்கும். அதனால் வரைபடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும். பாறை முகட்டுப் பொந்துகளில் மூவாயிரம் ஆண்டுக்கு மேலான படகுச் சவப்பெட்டிகள் இருக்கின்றன, படகோட்டி கழியால் சுட்டும்போது கவனியுங்கள். கால் கண்டிப்பாக நனையும். செருப்பு போதும், மற்றவற்றை நெகிழிப்பையில் போட்டு மடியில் வையுங்கள்.

தெப்ப டிக்கெட் நேர வரிசைப்படி, பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு. ஆறு பெருகினால் தெப்பம் நிற்கும், பணம் திரும்பும், ஆனால் அந்த நாள் போய்விடும். அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாள் காலையில் வைத்தால் தவறினாலும் அடுத்த நாள் முயலலாம்.

மூன்றாவது, தாஹோங்பாவ் தேயிலைப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் தேயிலை, பெரும்பாலும் சமதளம், பெரியவர்களும் நடக்கலாம். குன்றின் இடுக்கில் ஆறு தாய்ச்செடிகள். 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. 'தாய்ச்செடித் தேயிலை' என்று கடையில் யார் சொன்னாலும் அது வேறு செடிகளின் இலைதான். வாங்குங்கள், அந்தப் பெயருக்காக மட்டும் அதிக விலை கொடுக்காதீர்கள்.

நாகைக்கடலோடி:
நன்றிங்க. தான்சியாவிலும் இப்படித்தானா? மழை எப்படி?

பாறைப்படி:
தான்சியாவில் பெரியவர்களுக்குக் கேபிள்கார் இருக்கிறது, சாங்லாவ் சிகரத்தின் பெரும்பகுதி ஏற்றம் அதில் முடிந்துவிடும். மேலேயும் கொஞ்சம் படி உண்டு. நடந்து ஏறும் பாதை சில இடங்களில் செங்குத்து, சங்கிலியைப் பிடித்து ஏறணும். சூரிய உதயத்துக்குப் போகிறவர்கள் டார்ச் இல்லாமல் போகக் கூடாது. வாயில், பேருந்து, கேபிள்கார் மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட்டா, சேர்ந்ததா என்று பதிவிடும்போதே பாருங்கள்.

செம்மணற்கல்லும் கூழாங்கல் கலந்த பாறையும் சேர்ந்த மலை, இரும்புச்சத்துதான் சிவப்புக்குக் காரணம். இந்த வகை நிலத்துக்கு உலகம் முழுக்க 'தான்சியா' என்று பெயர் வந்ததே இந்த மலையை வைத்துத்தான். 2010-ல் ஆறு தென்சீனத் தளங்களை ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், இது அதில் ஒன்று. மணற்கல் ஈரமானால் மேற்பரப்பில் பாசியும் மண்துகளும் சேர்ந்து சோப்பு மாதிரி வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போது ஆபத்து. தேய்ந்த ரப்பர் அடியுள்ள ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மழை பெய்த மறுநாள் காலை ஆற்றங்கரைப் பாதையை எடுத்துக்கொண்டு, மேலே போவதைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள்.

ஏப்ரல்–ஜூன் இரண்டு மலையிலும் தொடர்மழை. ஜூலை–செப்டம்பர் ஃபூஜியான் கரையில் புயல், ரயிலே நிற்கும். உங்கள் நவம்பர் முதல் வாரம் நல்ல தேர்வு, அக்டோபர் 1–7 தேசிய விடுமுறைக் கூட்டமும் வடிந்திருக்கும்.

மதுரைமரகதம்:
அப்படியே ஜாங்ஜியாஜியே சேர்க்க முடியாதா? படங்களில் வருகிற தூண் மலை அதுதானே.

ரயில்பித்தன்:
பத்து நாளில் வேண்டாம்மா. அது ஹூனானின் வடமேற்கு மூலை. ஷாவ்குவானிலிருந்து சாங்ஷா போய் அங்கிருந்து இன்னொரு ரயில், திரும்பி ஃபூஜியான் வர ஒரு முழு நாள் போகும். உள்ளே வேறு மூன்று நாள் வேண்டும். நான்யுவே கோயில், ஹெங்ஷான் மலையோடு சேர்த்துத் தனிப் பயணமாகப் போடுங்கள், அவையும் அதே ஹூனான் மாகாணம்தான்.

இவர்கள் பாதைக்கு வருவோம். குவாங்சௌ தெற்கிலிருந்து ஷாவ்குவான் அதிவேக ரயிலில் ஒரு மணிக்குள். ஷாவ்குவானிலிருந்து சுவான்சௌ நேராகத் தேடினால் வண்டி குறைவாகத் தெரியும். குவாங்சௌவோ ஷென்சென்னோ திரும்பி மாறணும், மொத்தம் அரை நாளுக்கு மேல். அந்த நாளில் வேறு எதையும் வைக்காதீர்கள். சுவான்சௌ–ஊயி ஃபூசௌ வழியாக, அரை நாளுக்குள் முடியும். ஊயியை முடித்து சியாமென் வந்து விமானம் ஏறலாம், குவாங்சௌ திரும்பத் தேவையில்லை. அதனால் வரும் விமானத்தையும் போகும் விமானத்தையும் வேறு வேறு ஊராக எடுங்கள்.

செல்வி_ஈப்போ:
சாப்பாடு. 'பச்சைக் காய் மட்டும்' என்று கேட்டால் இலைக்காய் வரும், ஆனால் பன்றிக்கொழுப்பிலோ சிப்பிச் சாற்றிலோ வதக்கியிருப்பார்கள். சீனத்தில் 'சுன் சூ' என்றால் முழுச் சைவம். இதோடு இறைச்சி, மீன், இறால், கோழிச்சாறு, சிப்பிச்சாறு, கொழுப்பு வேண்டாம் என்று எழுதிய அட்டையைச் சீனத்தில் அச்சடித்துக் காட்டுங்கள். பேசுவதைவிட அட்டை பலமடங்கு உதவும்.

பெரிய கோயில்களின் அன்னசாலையில் மதியம் பௌத்தச் சைவ உணவு கிடைக்கும். வெங்காயம், பூண்டுகூட இருக்காது. நேரம் தவறினால் கிடைக்காது, பதினொன்றரைக்கே போய்விடுங்கள். தட்டில் வாத்து, மீன் வடிவத்தில் எதையாவது பார்த்தால் பதறாதீர்கள், சோயாவும் கோதுமைப் புரதமும்தான். சுவான்சௌவின் பிரபலமான நூல் சேமியாக் கஞ்சியில் பன்றிச்சாறு உண்டு, சைவர்கள் தொடவேண்டாம். காலையில் சோயாபால், வேகவைத்த சர்க்கரைவள்ளி, கீரை வைத்த ஆவிரொட்டி கிடைக்கும். ரொட்டிக்குள் என்ன என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.

கல்தூண்:
குவாங்சௌவின் இரண்டு நாளில் குவாங்சியாவ் கோயிலை விடாதீர்கள். மெட்ரோ முதல் தடத்தில் சீமென்கோவ் நிலையம், நடக்கும் தூரம். சான் (ஜென்) பௌத்தத்தின் ஆறாம் குருவான ஹுயினெங் 676-ல் மழித்துத் துறவு பூண்ட இடம், முடியைப் புதைத்த கோபுரம் இருக்கிறது. தெற்கு ஹான் கால இரும்புக் கோபுரங்கள் இரண்டும் (963, 967) அங்கேயே. அதே ஹுயினெங்கின் உடல்தான் ஷாவ்குவான் நான்ஹுவாவில் அரக்குப் பூசி அமர்ந்த நிலையில் இருக்கிறது. முதலில் இங்கே, பிறகு அங்கே என்று போனால் கதை வரிசையாக வரும், உங்கள் பாதை அதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது. நான்ஹுவா 502-ல் இந்தியத் துறவி ஒருவர் தேர்ந்த இடம் என்பது மரபு. ஹுயினெங்கின் உடல் இருக்கும் மண்டபத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள், கேமராவைப் பையில் வைத்துவிட்டே உள்ளே போங்கள்.

போதிதருமர் கரையிறங்கிய இடமாகச் சொல்லப்படுவது ஹுவாலின் கோயில், மெட்ரோ எட்டாம் தடத்தில் அதே பெயரில் நிலையம். காஞ்சிபுரம் என்பது பின்னால் வந்த மரபு. பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வணங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

எல்லாக் கோயிலுக்கும் பொது: உயர்ந்த மரவாசற்படியை மிதிக்காமல் தாண்டணும், நடு வாசலை விட்டு ஓரத்தில் நுழையணும். ஊதுவத்தி மூன்று போதும், பல இடங்களில் வாசலிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். சீன மாதம் முதல் நாளும் பதினைந்தும் கூட்டம் நெரியும். காய்யுவானில் மட்டும் இருபத்தாறாம் நாள் ஊரே வரும். தூண் பார்க்கப் போகிறவர்கள் அன்று தவிர்க்கலாம், வழிபாட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் அன்றைக்கே போகணும்.

நாகைக்கடலோடி:
சரி, ஊயியிலிருந்து ஒரு நாளை எடுத்துச் சுவான்சௌவுக்குக் கொடுக்கிறேன். இரண்டாம் நாளில் என்ன பார்ப்பது? பெரியவர்களும் வருவார்கள்.

கல்தூண்:
காலையில் சிங்யுவான் மலை. சிகரம் வேண்டாம், அடிவாரத்திலேயே சோங் காலத்தில் செதுக்கிய தாவோ ஞானி லாவோ சூ அமர்ந்திருக்கிறார். ஒரே பாறையில் செதுக்கிய 5.63 மீட்டர் உருவம், வாயிலிலிருந்து சற்று நடந்தால் போதும். காதையும் தாடியையும் பாருங்கள், காற்றில் தாடி ஒரு பக்கம் ஒதுங்கியதுபோல் கல்லிலேயே செய்திருக்கிறார்கள்.

அடுத்து நகருக்கு மேற்கே ஜியூரி குன்று. பயணிகள் அதிகம் போகாத இடம், எனக்கோ இந்த ஊரில் தூண்களுக்கு அடுத்தபடி பிடித்தது. கப்பல்கள் கிளம்பவும் திரும்பவும் பருவக்காற்று வேண்டி அதிகாரிகள் சடங்கு செய்து, அதைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1174 முதல் 1266 வரை பத்துக் கல்வெட்டு. அவர்கள் வேண்டிய அதே காற்றில்தான் நம் வணிகர்களும் வந்துபோனார்கள். சிவப்பு மை பூசியிருப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். படிகள் குறைவு.

மாலைக்கு லுவோயாங் பாலம், 1053–1059. அலைத்தாழ்வில் போகணும். பெருக்கில் போனால் வெறும் கற்பாலம்தான் தெரியும். தண்ணீர் வடிந்தால் படகு மூக்குப் போன்ற தூண்களும், அடிக்கற்களில் ஒட்டிய சிப்பிகளும் வெளிப்படும். கற்களை இறுக்கிப் பிடிக்கச் சிப்பி வளர்த்ததுதான் அந்தப் பாலத்தின் நுட்பம். அலை நேரத்தை முதல்நாள் இரவே பார்த்து, அதற்கேற்ப காலை–மாலை வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரயில்பித்தன்:
அருங்காட்சியகம் திங்கள் மூடல் என்பதால், சுவான்சௌவின் இரண்டு நாளும் ஞாயிறு–திங்களாக விழுந்தால் ஞாயிறு அன்றே அதை முடியுங்கள். நவம்பர் முதல் வாரத்துக்கான டிக்கெட் அக்டோபர் நடுவில்தான் திறக்கும், தெப்பத்துக்கும் அதே வாரத்தில் பதிவு பாருங்கள். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், நிலையப் பெயர்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.